பக்கத்துக் கட்டில் மாத்திரை

'பீப்... பீப்... பீப்பீப்பீப்...!'

டிரைவரின் இதயம் மானிட்டரில் தறிகெட்டு ஓடியது.

"டாக்டர்! ஓடி வாங்க...!" நர்ஸ் அலறினாள்.

டாக்டர் ஓடி வந்தார். ஊசி ஏறியது. நெஞ்சில் ஷாக் கொடுத்தார்கள். ஒரு தடவை... இன்னொரு தடவை...

டிரைவர் பிழைத்துக்கொண்டான்.

கொக்கைன் பழக்கத்தை விடவைக்க ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அதைத் தின்றவன் உடம்பில் கொக்கைனும் போனால் ஆள் தாங்குவானா? அதைத்தான் அந்த வார்டில் சோதித்தார்கள். காலையில் மாத்திரை. மத்தியானம் டாக்டர் கண்ணெதிரே அளந்து ஏற்றும் கொக்கைன் ஊசி. சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று படுத்திருப்பவனுக்குத் தெரியாது.

"அந்தச் சனியனை விட்டுட்டு வாங்க, கதவைத் திறக்கறேன்" என்று பெண்டாட்டி சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் டிரைவர் வந்து படுத்தான். அதே பழக்கத்தில் கெட்ட அவள் தம்பி, பக்கத்துக் கட்டிலில்.

மறுநாள் டாக்டர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"உனக்குக் குடுத்தது மாவுதான்யா. உன் ரத்தத்துல நிஜ மருந்து எப்படி வந்துது? அது மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தின அளவு. ஒரேயடியா முழுங்கினா செத்துடுவே!"

மச்சினனைக் காட்டிக்கொடுக்க டிரைவருக்கு மனசு வரவில்லை.

டாக்டர் நகர்ந்ததும் திரும்பினான்.

"மாப்ள... கடைவாயில ஒதுக்கி வச்சிருந்து எனக்குக் குடுத்தியே... 'ஊசி போட்டும் எனக்குப் போதையே ஏறல, இதான் நிஜம், நீ சீக்கிரம் திருந்து மாமா'ன்னு..."

"ஆமா மாமா."

"உனக்கு நெஞ்சு படபடன்னுச்சா?"

மச்சினன் விட்டத்தைப் பார்த்தான். "ரெண்டு நாளாவே."

"அடப்பாவி! டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்னடா?"

"சொன்னா அனுப்பிடுவாங்க. ஓசி ஊசி போயிடுமே!"

"அப்ப குப்பையில துப்பறது! உனக்கு என் வாய்தான் கிடைச்சுதா?"

"துப்பத்தான் நினைச்சேன்..." இழுத்தான் மச்சினன். "அக்காதான் போன்ல..."

"அக்காவா...?"

"'உனக்கேன்டா வம்பு? முதல்ல அவருக்குக் குடுத்துப் பாரு. அவரு தாங்கினா, அப்புறம் நீ முழுங்கு'ன்னா..."

டிரைவர் எழுந்து உட்கார்ந்தான்.

அவளுக்காகத்தானே வந்து படுத்தான்... அவளுக்காகத்தானே!

கையைத் தூக்கி டாக்டரைக் கூப்பிட்டான். பக்கத்துக் கட்டிலைக் காட்டினான்.

"அந்த மாத்திரை இவன் வாயிலேர்ந்து வந்துது டாக்டர். ரெண்டு நாளா இவனுக்கும் நெஞ்சு படபடப்பாம். முதல்ல இவனைப் பாருங்க."

"மாமா...!" மச்சினன் பதறினான்.

டாக்டர் அவனை முறைத்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "இதை நான் கேட்டப்பவே சொல்றதுக்கென்னய்யா? சரி, உனக்கு எப்படியிருக்கு? பழக்கம் விட்டாப்பல தெரியுதா?"

"சுத்தமா விட்டுப்போச்சு டாக்டர்!"

"கொக்கைனா?"

"அது இருக்கு... பொண்டாட்டியை நம்பற பழக்கம்!"