மைனஸ் எழுபதில் ஒரு திருட்டு

டெலிபோன் அலறியது!

காலை ஏழரை. வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்து எடுத்தாள் சௌதாமினி.

"மக்கா... ஓடி வா! ஃப்ரீசர்ல நம்ம ட்யூப் ஒண்ணுகூட காணல்ல!"

ஞானையனின் குரல். தனுவச்சபுரத்தை அடுத்து, அவள் ஆராய்ச்சி செய்யும் தனியார் ஆய்வுக்கூடத்தின் அட்டெண்டர்.

"என்ன சொல்லுதிய அண்ணாச்சி? இன்னா வாறேன்!"

ஆட்டோ பறந்தது. அந்த ட்யூப்களில் இருந்தது அவளுடைய மூன்று வருஷ உழைப்பு!

மூளைக்காய்ச்சல் கிருமி லேசுப்பட்டதல்ல. சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு நம் உடம்பையே ஏமாற்றும். அந்தச் சர்க்கரையைத் தூக்கிவந்து ஒட்டுவது ஒரு என்சைம். அதன் ஜீனை மட்டும் வெட்டி, சாதுவான பாக்டீரியாவுக்குள் வைத்து குளோன் செய்திருந்தாள். என்சைமை மடக்க மருந்து கிடைத்தால், கிருமிக்குப் போர்வை போச்சு!

போய் இறங்கினால்... போலீஸ் ஜீப்!

ஞானையனின் காலர் எஸ்.ஐ. கிருஷ்ணன்குட்டியின் பிடியில்.

"எலே, ஆருக்கு வித்தே?"

"யேசுவாணை நான் எடுக்கல்ல சாறே!"

"ஃப்ரீசருக்கு ரெண்டு சாவியாக்கும். ஒண்ணு இவன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. நானா எடுப்பேன்?" என்று சிரித்தார் டைரக்டர் ஜெயச்சந்திரன். பத்து வருஷமாக நாற்காலியை மட்டுமே ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி!

சௌதாமினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃப்ரீசரைத் திறந்தாள். மைனஸ் எழுபது டிகிரி. காலியான இரும்புத் தட்டில்... என்ன அது?

மனிதத் தோல்! நான்கு சின்னத் துணுக்குகள்!

திரும்பினாள். டைரக்டர் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார். வலது கையின் நாலு விரல் நுனிகளிலும் பிளாஸ்திரி.

"கையில என்ன சார்?"

"தோசைக்கல் சுட்டது."

"நாலு விரலையுமா? இந்தக் குளிர்ல இரும்பை வெறுங்கையால பிடிச்சா தோல் ஒட்டிப் பிய்யும். இங்க வேலை செய்யுத எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் மறந்துபோச்சு! அண்ணாச்சி, கையைக் காட்டுங்க!"

ஞானையன் பத்து விரலையும் நீட்டினார். ஒரு கீறல் இல்லை. எஸ்.ஐ. காலரை விட்டார்.

ஜெயச்சந்திரனின் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

"நான்தான்! அதுக்கென்ன? ஒரு ட்யூப் நேத்தே என் பேருல வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போயாச்சு. மிச்சத்தை வேகவெச்சு அழிச்சாச்சு. உன் நோட்டையும் கொளுத்தியாச்சு. குளோன் உனக்குள்ளதுன்னு சொல்ல என்ன உண்டு?"

சௌதாமினி நிதானமாகச் சொன்னாள்.

"போன திங்கக்கிழமை நீங்க பாறசாலைக்குப் போனப்ப ஒரு கவர் தந்தேனே, பெங்களூர் சிநேகிதிக்கு..."

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். அதுக்கு?"

"அதுக்குள்ள ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் உண்டு. அதுல பென்சில் வட்டம். வட்டத்துக்குள்ள குளோனோட டி.என்.ஏ. ஒரு சொட்டு... காயவெச்சது! ஊறவெச்சு பாக்டீரியாவுக்குள்ள விட்டா மூணு வருஷ வேலையும் திரும்ப வரும். குளோனை நாங்க லேபுக்கு லேப் இப்படித்தான் அனுப்புவோம் சார். கூடவே என் நோட்டோட ஜெராக்ஸ். தேதிக்குச் சாட்சி தபால் முத்திரை!"

டீ கிளாஸ் தரையில் விழுந்து சிதறியது.

எஸ்.ஐ. டைரக்டரை ஜீப்பில் ஏற்றியபோது, ஞானையன் ஃப்ரீசர் கையுறையோடு பின்னாலேயே ஓடினார்.

"சாறே, லாக்கப்புலயும் இரும்புக் கம்பியாக்கும்... இதை மாட்டிட்டுப் பிடிங்க!"