ரொட்டி ஏணி

ஏணியைத் தின்றது ரெமிகியோதான். காபிக்குத் தொட்டுக்கொள்ள வேறெதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரம்மா கசிமிரா, இறந்தோர் திருநாளுக்கு, செத்துப்போன புருஷன் செவேரோ வந்து ஒரு நாள் தங்கிப்போகப் படையல் மேசை போட்டு, அவர் திரும்ப மேலே ஏறிப்போவதற்கென்று ரொட்டியில் சுட்ட ஏணியையும் சாத்திவைத்திருந்தாள். நேற்று நண்பகல் வழியனுப்பும் நேரத்தில் ஏணியைக் காணோம்.

"நாய் தின்னிருக்கும்மா."

"நம்ம வீட்ல ஏதுப்பா நாய்?"

"ஏணி இல்லேன்னா அவர் எப்படிம்மா போவார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சால்வையைப் போர்த்திக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

இன்று ஒருரோ நகருக்கு வரும் சாலைகளிலெல்லாம் மறியல். பள்ளி இல்லாததால் மடிக்கணினியில் வகுப்பு. ரெமிகியோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் போடுவான். பிள்ளைகள் அந்தப் பொருளை வீட்டிலேயே படம் பிடித்து அட்டையாக ஏற்றுவார்கள். அட்டைகள் திரையை நிறைத்துவிடுவதால் அவன் முகம் அவனுக்கே தெரியாது. அது ஒரு நிம்மதி.

முதல் சொல், கதவு. ஆட்டுக் கொட்டில் கதவு, தகரக் கதவு, நடுவே நாட்காட்டி தொங்கும் பழுப்புக் கதவு. அது அவனுடைய அறைக் கதவு. உள்பக்கம்.

"யாருடா என் ரூம் கதவைப் போட்டது?"

"நாங்க இல்ல சார். உங்க கதவுக்கும் மார்க் உண்டா?" என்றாள் யெசெனியா. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தது நாற்காலி. வெளியே ஆலங்கட்டி தகரக் கூரையை அறைந்துகொண்டிருக்க, சோம்பு வாசனையும் அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும், நாள்பட்ட கோக்கா இலையை மென்ற வாயின் காரமும் பிடரிக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல அவனைச் சூழ்ந்தபோது, புதிய அட்டை வந்து விழுந்தது. அவன் நாற்காலி. அதில் அவன் முதுகு. ஸ்வெட்டரின் ஓட்டைகூடத் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பை முடித்துவிடலாம். முடித்தால் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். தனியாக இருக்க மாட்டோமோ என்பதுதான் பயம்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

அவன் போடாமலே அடுத்த சொல் வந்தது. வாய்.

ஒரே ஓர் அட்டை. மிக அருகில். அவன் உதடுகள். கடைவாயில் ரொட்டித் துணுக்கு.

நாக்கில் மெழுகின் ருசி. குளிர்ச்சி.

"நாயெலி," வார்த்தை குழறியது. "நீ பொய் சொல்ல மாட்டே. இதையெல்லாம் யாரும்மா போடுறது?"

அட்டையின் ஓரத்துச் சிறு கட்டத்தில் நாயெலி தன் திரையையே பார்த்தாள். அவள் கண்கள் அவன் தலைக்கு மேலே ஏறி, மெல்ல இறங்கி, அவன் தாடையில் நின்றன.

"உங்க பின்னாடி நிக்கிற தாத்தா சார். ஆரம்பத்துலேர்ந்தே நிக்கிறார். உங்க அப்பான்னு நெனச்சு வணக்கம்கூடச் சொன்னோம்." குரல் இறங்கியது. "ஏணி எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இப்ப கேக்கல சார். உங்க வாய்க்குள்ள கைய விட்டுத் தேடுறார்."