வெளித் தாழ்ப்பாள்

சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் எதற்கு என்பதுதான் கனகலட்சுமிக்குப் புரியவில்லை. படுக்கையறைக்கு உள்பக்கம் இருக்கிறது, குளியலறைக்கு உள்பக்கம் இருக்கிறது, நியாயம். சோறாக்குகிற இடத்தை வெளியே நின்று யார் அடைப்பார்கள்? பழங்காநத்தத்து அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த புதிதிலேயே கணவனிடம் கேட்டாள். "பூனை வருதுடி" என்றான் அழகுபாண்டி. அந்தத் தெருவில் இன்றுவரை அவள் ஒரு பூனையைக்கூடப் பார்த்ததில்லை.

மூத்தவள் முத்துச்செல்வி அந்தச் சமையலறையில்தான் எரிந்து செத்தாள். நைலான் சேலையில் அடுப்புத் தீ பட்டுவிட்டது என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அப்போதிருந்து கனகாவுக்கு நெருப்பென்றால் பயம். அடுப்படியில் நூல் சேலை தவிர வேறெதுவும் கட்டமாட்டாள். படுக்கப்போகும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவாள், மூடினோமா என்று மறுபடி எழுந்து வந்து பார்ப்பாள். கதவுக்கு வெளியே ஒரு தகர வாளி நிறைய மணலும், பக்கத்தில் நனைத்த சாக்கும் எப்போதும் கிடக்கும். "பொண்டாட்டின்னு நெனச்சு பயர் சர்வீஸக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்று அழகுபாண்டி போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

மூத்தவளின் மகள் பவதாரிணி மட்டும் சிரிக்கமாட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, சித்தி சொல்லிக்கொடுத்ததை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். "துணியில தீப்பிடிச்சா ஓடக் கூடாது, படுத்து உருளணும். பொகை வந்தா தரையோட தரையா ஊந்து கதவுக்கு வரணும்." அந்தப் பிள்ளைமேல் கனகா உயிரையே வைத்திருந்தாள். தாயைத் தின்ற நெருப்பு மகளைத் தொட்டுவிடக் கூடாது. அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

கனகா அந்த வீட்டுக்கு வந்தபின் முதன்முறையாக முத்துச்செல்வியின் திதி வந்தது. காலையில் வீட்டைக் கழுவியபோது, சமையலறைக் கதவின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பச்சை பெயின்ட் தடிமனாக அப்பியிருந்தது. அதற்கு அடியில் விரலுக்கு என்னவோ நெருடியது. கோடுகள். நெஞ்சு உயரத்தில் லேசாகத் தொடங்கி, பக்கத்துப் பக்கத்தில் கீழே இறங்கி, முழங்கால் உயரத்தில் மரத்தையே குடைந்திருந்தன. அவளுக்கு அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது. துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டாள்.

சுமங்கலியாகச் செத்தவளுக்கு வருசா வருசம் புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது அந்த வீட்டு வழக்கம். உயிர் போன இடத்திலேயே இலை போட்டு, சேலை வைத்து, விளக்கை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவள் வந்து சாப்பிடுவாள். சாப்பிடுகிறவளை யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து வீட்டு ஆம்பளை கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பான்.

விளக்கு வைக்கிற நேரம். இலையில் சோறும் கறிக்குழம்பும் பரிமாறியிருந்தது. அழகுபாண்டி வாங்கி வந்த சிவப்புச் சேலை மினுமினுவென்று விளக்கை ஒட்டிக் கிடந்தது.

"இதுவும் நைலான் மாதிரில இருக்கு. வெளக்கத் தள்ளி வைங்க. ஆளில்லாம எரியவிட்டுட்டுக் கதவ வேற சாத்தணுமா?"

"செத்தவ சேலைக்கு எம்புட்டு விசாரணை! வெளிய வாடி."

கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளையும் போட்டான்.

"சாத்துனா போதாதா?"

அவன் தாழ்ப்பாளை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான். கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"பவதாரிணிய எங்க?"

"மாடில வெளாடுவா."

ரவுண்டானா பக்கமிருந்து பஸ்களின் ஹாரன் விடாமல் கேட்டது, பக்கத்து வீட்டு டிவியில் ஒருத்தி மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள், இத்தனை சத்தத்துக்கும் அடியில், கதவுக்கு அந்தப்புறம், வாழையிலை மெல்லச் சரசரத்ததும் வளையல்கள் ஒன்றோடொன்று உரசியதும் கனகாவின் காதில் விழுந்தன. நல்லெண்ணெய் வாசமும் கறிக்குழம்பு வாசமும் கலந்து வந்தன. பிறகு இன்னொரு வாடை. முடி கருகும் வாடை.

கதவு தட்டப்பட்டது.

அழகுபாண்டி கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான். சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

மறுபடி. இந்த முறை இரண்டு உள்ளங்கைகள். வளர்ந்த பெண்ணின் தோள் உயரம். அறைந்த அறையில் கதவு அதிர்ந்தது. அடியிலிருந்து புகை கசிந்தது.

அவள் தாழ்ப்பாளை நோக்கிப் பாய்ந்தாள். அவன் அவளை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தான். குறுகலான நடை அது, கால்கள் இரண்டையும் எதிர்ச்சுவரில் ஊன்றினான். சுவரில் இரண்டு குதிகால் அழுக்கு உண்டு, எத்தனை தேய்த்தாலும் போகாத அழுக்கு. அவன் குதிகால்கள் தேடாமலேயே அதன்மேல் போய் உட்கார்ந்தன.

"செத்த நேரந்தான்" என்று முனகினான். "அடங்கிரும். அன்னைக்கும் அடங்குச்சு."

கனகாவுக்குப் புரிந்துவிட்டது. கொன்றிருக்கிறான். இதே இடத்தில் சாய்ந்து நின்று கொன்றிருக்கிறான்.

அப்போது இன்னொரு தட்டல். மேலே அறைகிற கைகளுக்கு நடுவே, கீழே, தரையோடு தரையாக. சின்னக் கை.

"சித்தி..."

"புள்ள உள்ள இருக்குய்யா! ஒளிஞ்சு பாக்கப் போயிருக்கு! தள்ளு!"

"புள்ள இல்ல. அவதான். அன்னைக்கும் இப்பிடித்தான் கத்துனா. நம்பாத."

மணல் வாளியை இரண்டு கையாலும் தூக்கினாள். முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் நகரவில்லை. திரும்ப அடித்தாள். பற்கள் தெறித்தன. மணலும் ரத்தமுமாக அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான்.

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

சேலை தரையில் இல்லை. எழுந்து நின்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இருக்கிற உயரத்துக்கு நின்றது.

நிலைப்படியில் பவதாரிணி குப்புறக் கிடந்தாள். ஊர்ந்தே வந்திருந்தாள். கனகா ஈரச்சாக்கைப் போர்த்தி, பிள்ளையை உருட்டி, வெளியே இழுத்தாள். முடி பொசுங்கியிருந்தது. மூச்சு இருந்தது. இருமியது. கனகா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"கதவ அடை! அவ வெளிய வந்துருவா!"

அழகுபாண்டி எழுந்துவிட்டிருந்தான். கிழிந்த வாயோடு கதவைப் பிடித்துத் தள்ளினான். எரிகிற முந்தானை நீண்டு வந்தது. மணிக்கட்டைச் சுற்றியது. ஒரே இழுப்பு.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே, யாரும் தொடாமல், தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது.

"கனகா! தெறடி! தெற!"

இரண்டு உள்ளங்கைகள். தோள் உயரத்தில்.

எவன் எரிந்தாலும் எரிகிறது உயிர்தானே. கனகா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பற்றினாள். கொதித்தது. விடாமல் இழுத்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது.

கருகிய கை. வளையல் உருகிச் சதையோடு ஒட்டியிருந்தது. அது அழுத்தவில்லை, தள்ளவில்லை. சும்மா வைத்திருந்தது.

கனகா கையை எடுத்துக்கொண்டாள்.

சாக்குக்குள்ளிருந்து பிள்ளை எட்டிப்பார்த்தது. "அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கல சித்தி" என்றது. "இப்பத் தெறக்கக் கூடாது."

கதவை அறைகிற அடி நெஞ்சு உயரத்துக்கு இறங்கியது. பிறகு இடுப்பு உயரம். கத்தல் நின்றது. நகங்கள் மரத்தைக் கீறுகிற சத்தம் மட்டும் வந்தது. அது எங்கே போய் நிற்கும் என்று கனகாவுக்குத் தெரியும்.

முழங்கால் உயரத்தில் நின்றது.

அந்தக் கை தாழ்ப்பாள்மேல் அப்படியே இருந்தது.