நீல லேபிளும் பதினோரு பிறைகளும்

தையல்காரம்மா உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் மடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. கண்டக்டர் நீட்டிய தண்ணீரை வாங்கக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை.

"பணம் போனா போகட்டும்மா. என் கொழுந்தனார் திருடனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் நிம்மதியாத் தூங்குவேன், இல்லேன்னா அழுதுட்டுப் போறேன்."

எதிரே இருந்த சர்வேயர் ஒரு கணம் கண்களை மூடினார். எரிந்த கடை, நனைந்த கிடங்கு என்று போய் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம் கணக்கிடுவது அவர் தொழில். எந்த மனிதரையும் சந்தேகிக்கும் முன்பு கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது அவர் பழக்கம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. யாரும் கேட்காமலேயே தங்கைக்கு உதவியாளராகச் சேர்ந்துவிட்டவர் அவர்.

"கொழுந்தனார்தான். எனக்கு அப்பவே தெரியும்!" என்றார் கண்டக்டர்.

"எப்பவே? இப்பதானே அவங்க வாயைத் திறந்தாங்க. சும்மா இருண்ணா."

தையல்காரம்மா சொல்லத் தொடங்கினார். அவர் கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். போகிற துறைமுகங்களில் கிடைத்த வெள்ளி நாணயங்களைச் சேர்த்துவைத்தார். ஒவ்வொன்றும் லேபிளோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைக்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டு. பதினொன்றுக்கு வெள்ளை லேபிள். ஒன்றுக்கு மட்டும் நீலம். அந்த நாணயம் வெளியான முதல் நாளிலேயே உறையில் இடப்பட்டது என்று அதில் அச்சிட்டு, நாணயத்தை வடித்த சிற்பியே கையெழுத்தும் போட்டிருந்தார். நீல லேபிளை விற்றால் மகளுக்கு நர்ஸ் படிப்புக்கு ஆகும் என்று கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும் அதே வெள்ளி, அதே எடை. காகிதத்துக்கா இவ்வளவு விலை?" கண்டக்டருக்கு மனசு ஆறவில்லை. "நான் கிழிச்ச டிக்கெட்டுக்கெல்லாம் அப்படி விலை வெச்சிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேனே!"

"உறை உடையாம இருக்கிறவரைக்கும்தான் அண்ணா அந்த விலை," என்றார் சர்வேயர். "உடைச்சிட்டா லேபிள் செத்துப்போச்சு. மிச்சம் வெறும் வெள்ளி. நீங்க சொல்லுங்கம்மா."

கணவர் போன பிறகு டப்பா கொழுந்தனார் வீட்டு அலமாரியில் இருந்தது. தையல்காரம்மாவின் ஒற்றை அறை மழைக்கு ஒழுகும். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு இருவருமாக நாணயக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் டப்பாவைத் தன் பக்கம் திருப்பி மூடியைத் திறந்தார். மூடி மறைத்ததால் உள்ளே இருந்தது தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை.

"'இதென்னம்மா, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கு?'ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் ரப்பரே போடமாட்டார். துணியிலதான் சுத்துவார். அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. அப்புறம் விளக்குல பாக்கணும்னு உள் அறைக்கு எடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்து, 'பன்னிரண்டும் வெள்ளை லேபிள். யாரோ ஏற்கனவே திறந்து மாத்திட்டாங்க. வீட்டுக்குள்ளயே விசாரிங்க'ன்னு கொழுந்தனாரைப் பாத்துச் சொன்னாரு. கடை முழுக்க ஆளுங்க. அவர் முகம் செத்துப்போச்சு."

"நீங்க எதையும் விற்கலையே?"

"இப்பவே எடை விலைக்கு எடுத்துக்கறேன்னு விடாம நச்சரிச்சாரு. எனக்கு எதுவுமே ஓடல. டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. அந்த ரப்பரை அவர் எப்படிக் கழட்டினார்?"

"எங்க கழட்டினாரு? தொட்டதும் பொடிப்பொடியா உடைஞ்சுது. மேஜையிலேர்ந்து ஊதித் தள்ளினாரு."

சர்வேயர் நாணயங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பி, விளக்கை இழுத்துப் பிடித்தார். உறைகளின் ஓரத்தில் பழுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு நாணயத்தின் வலது விளிம்பிலும் பிறை மாதிரி ஒரு கறுப்பு. கடைசி நாணயத்தில் மட்டும் அது இல்லை. பால் போல் பளபளத்தது. அதன் உறையும் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுதான் நல்லா இருக்கு. மத்ததெல்லாம் கெட்டுப்போச்சே," என்று உச்சுக்கொட்டினார் கண்டக்டர்.

"ஆமாண்ணா. அந்த நல்லதுதான் கெட்டது," என்று சொல்லிவிட்டுச் சர்வேயர் செருப்பை மாட்டினார்.

கொழுந்தனார் லிஃப்ட் மெக்கானிக். வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் டப்பாவைத் தொடலைங்க. அதுக்கு மேல என்கிட்ட வார்த்தை இல்ல," என்றார் சர்வேயரிடம்.

சர்வேயர் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க எங்கம்மா வேலை பாக்கறீங்க?"

"காய்கறிக் கடையில. கீரை கட்டுவேன்."

"ரப்பர் பேண்டு போட்டு?"

அந்தப் பெண் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நான்தான்க்கா! ரெண்டு வருஷம் முன்னாடி, டப்பா வந்த கொஞ்ச நாள்லயே வீடு மாறினோமே, வண்டியில கலகலன்னு ஆடுச்சு. உங்க பொருள்ல கீறல் விழுந்துடக் கூடாதேன்னு துணியை எடுத்துட்டு ஆறு ஆறா இறுக்கிக் கட்டினேன். வேற ஒண்ணும் பண்ணல. கடையில அப்படி ஆனதும் வாயைத் திறக்கவே பயமா இருந்துச்சு."

"ஏன்டி என்கிட்டகூடச் சொல்லல?" என்றார் கொழுந்தனார்.

"நீங்க நேரா அண்ணிகிட்டப் போய்ச் சொல்லிடுவீங்களே!"

கண்டக்டர் தங்கையின் காதில், "ஒத்துக்கிட்டாச்சு, முடிஞ்சுது கேஸ்," என்றார்.

"முடிஞ்சுதுதான். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அந்தக் கடைக்கு யார் அடிக்கடி வர்றாங்கன்னு விசாரிச்சுட்டு வா."

கண்டக்டர் இதற்கென்றே பிறந்தவர். மறுநாள் காலையில் கடைக்கு எதிரே டீ குடித்தபடியே விவரம் சேர்த்துவிட்டார். நாணயம் சேர்க்கும் பல் டாக்டர் ஒருவர் அன்று மாலை அங்கே ஒரு 'அபூர்வச் சரக்கு' வாங்க வருகிறாராம்.

மாலையில் அவர்கள் ஐந்து பேரும் கடைக்குள் நுழைந்தபோது, பல் டாக்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார். அவர் கையில் நீல லேபிள்.

"இது என்னோட சொந்தச் சரக்கு," என்றார் கடைக்காரர் அவசரமாக. "ரொம்ப வருஷமா என் பெட்டியில இருக்கு."

பல் டாக்டர் நிமிர்ந்தார். "போன மாசம் நான் கேட்டப்ப இல்லவே இல்லைன்னீங்களே?"

"மறந்திருப்பேன் சார்."

"உட்காருங்க, நான் ஞாபகப்படுத்தறேன்," என்றார் சர்வேயர் சாந்தமாக. டப்பாவைத் திறந்து நாணயங்களை அடுக்கினார். "ரப்பர்ல கந்தகம் உண்டு. மூடின டப்பாவுல வருஷக்கணக்கா வெள்ளிப் பக்கத்துல இருந்தா, சீல் வெச்ச உறைக்குள்ளயும் கொஞ்சங்கொஞ்சமா நுழைஞ்சு கறுக்க வைக்கும். பதினோரு நாணயத்துல அந்தக் கறுப்பு இருக்கு, எல்லாத்துலயும் ஒரே பக்கம். இந்த ஒண்ணுல இல்ல. அப்போ இது அந்த டப்பாவுல இருந்ததே இல்ல."

"வீட்டுல யாராவது மாத்தியிருப்பாங்கன்னு நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"

"ரப்பர் கட்டினவங்க அன்னிக்கே மாத்தியிருந்தா, மாத்தி வெச்சதும் இத்தனை நாள்ல கறுத்திருக்கும். அதுக்கப்புறம் வீட்டுல யாராவது பிரிச்சிருந்தா, இத்துப்போன ரப்பர் அங்கேயே உடைஞ்சிருக்கும். திரும்பக் கட்டியிருக்க முடியாது. ஆனா அது இங்க வந்து, உங்க கையிலதான் உடைஞ்சுது. ஊதித் தள்ளினீங்களே? அதுவரைக்கும் யாரும் பிரிக்கல. அதுக்கப்புறம் பிரிச்சது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கே இந்தம்மா வித்துட்டுப் போயிருந்தா, இந்தப் பதினொண்ணும் சாட்சி சொல்ல வந்திருக்காது."

கண்டக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. தான் திருட்டுக்கு அத்தாட்சி என்று நினைத்த ரப்பர், ஒரு பெண் அக்கறையோடு போட்ட கட்டு, இரண்டு வருடம் அந்தக் குடும்பத்துக்குக் காவல் இருந்திருக்கிறது.

கடைக்காரர் நீல லேபிளைப் பறிக்காத குறையாக வாங்கி உறையைக் காட்டினார். "பாருங்க, இதுல ரப்பர் பிசுக்கு எங்க இருக்கு?"

"வெளியில துடைச்சிட்டீங்க. உள்ள?"

பல் டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வலது விளிம்பில், மற்ற பதினொன்றில் இருந்த அதே இடத்தில், அதே அளவில், கறுப்புப் பிறை.

"இத்தனை கெட்டிக்காரர் அதை மட்டும் ஏன்யா விட்டுட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"வேற வழி இல்லண்ணா. நாணயத்தைத் துடைக்கணும்னா உறையை உடைக்கணும். உடைச்சா லேபிளுக்கு விலை இல்ல. எதுக்காகத் திருடினாரோ அதுவே அவர் கையைக் கட்டிப்போட்டுச்சு."

கடைக்காரர் ஸ்டூலில் சரிந்தார். "புத்தி கெட்டுப்போச்சும்மா," என்ற முனகல் மட்டும் கேட்டது. கண்டக்டர் கதவில் சாய்ந்து நின்று போலீசுக்குப் போன் போட்டார், தேவைக்கு மேல் சத்தமாகவே.

தையல்காரம்மா யாரையும் கவனிக்கவில்லை. நேராகக் கொழுந்தனாரிடம் போனார். "தம்பி, இதே கடையில நாலு பேர் முன்னாடி நீ தலைகுனிஞ்சு நின்னே. நானும் வாயை மூடிட்டு நின்னேன். என்னை மன்னிச்சுடு."

"அண்ணி, விடுங்க. ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கணும்னுதான் இங்க சொல்றேன்."

மெக்கானிக்கின் மனைவி தேம்பினாள். "என்னாலதானேக்கா நாணயம் கறுத்துப்போச்சு? விலை குறைஞ்சிடுமே?"

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் இந்தக் கடைக்காரருக்குக் குடுக்கறதா சொன்ன விலையை அப்படியே உங்களுக்குத் தர்றேன்மா. வழக்கு முடிஞ்சதும் பொருளை வாங்கிக்கறேன், பணம் இன்னிக்கே. பளபளன்னு இருக்கற நீல லேபிள் வேற எங்கேயாவது கிடைக்கும். இந்தக் கறுப்போட இருக்கறது உலகத்துலேயே இது ஒண்ணுதான்." செக் புத்தகத்தை எடுத்தார். "யார் பேருக்கு எழுதணும்?"

"இவர் பேருக்கு," என்றார் தையல்காரம்மா. "என் மகளைக் காலேஜுல சேர்க்கப் போறவர் இவர்தான்."

மெக்கானிக் பேனாவையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடை முழுக்கக் கேட்கும்படி, கணவர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.