ஏழாவது ஓட்டைக்குக் காவல்

அம்மா கடிகாரம் பழுதுபார்க்கும் மேசைக்கு எதிரே, ஜன்னலில் ஒரு மரக்கட்டை தொங்கியது. தேனீ கூடு கட்டட்டும் என்று மூத்த மகள் நெட்டை அதில் ஏழு ஓட்டைகள் போட்டிருந்தாள். கூட்டத்தோடு சேராத தனித்தேனீ ஒன்று, ஆறு ஓட்டைகளில் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, மண்ணால் வாயை அடைத்துவிட்டது. ஏழாவது மட்டும் இன்னும் திறந்து கிடந்தது.

அதன் வாசலில் சிவப்புக் கண்ணோடு பொடிப் பூச்சிகள் சில உட்கார்ந்திருந்தன.

"தேனீயோட பாப்பாங்க, அக்கா! பாவம், பசி," என்றான் தம்பி வாண்டு. பக்கத்தில் ஒரு மூடியில் சர்க்கரைத் தண்ணீரும் வைத்திருந்தான். நேற்று வந்தவை இரண்டு. இன்று ஒன்பது.

நெட்டை ஜன்னலருகே குனிந்தாள். மூடியில் விழுந்து செத்த ஒன்றைத் துடைப்பக் குச்சியால் எடுத்தாள். அம்மாவின் லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தாள்.

"டேய், இறக்கை ரெண்டுதான் இருக்கு. தேனீக்கு நாலு. கொம்பும் குட்டை. இது ஈதான்டா!"

"பாப்பால்ல, இனிமேதான் முளைக்கும்." வாண்டு தன் ஓட்டைப் பல்லைக் காட்டினான். "எனக்குப் பல்லு முளைக்குதுல்ல?"

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பொடி ஸ்க்ரூ எங்கோ உருண்டது.

அப்போது தேனீ வந்தது. பூச்சிகள் சட்டென்று கட்டைக்குப் பின்னால் ஒளிந்தன. தேனீ வெளியே போனதும் ஒன்று மெல்ல எட்டிப் பார்த்து, ஓட்டைக்குள் நுழையப் போனது. நெட்டை 'பூ' என்று ஊதி விரட்டினாள்.

"ஏன்டா, அம்மா வந்தா பிள்ளை ஓடி வருமா, ஒளியுமா?"

வாண்டு யோசித்தான். "நான் ஒளிவேன்."

"எப்போ?"

"டப்பாலேர்ந்து எதையாவது எடுத்திருந்தா..." அவன் வாய் அப்படியே நின்றது. "அய்யோ! திருட்டுப் பசங்களாக்கா?"

"ஆமா. உள்ள முட்டை வச்சிடும். அதோட புழு தேனீக்குஞ்சுக்கு வச்ச சாப்பாட்டைக் காலி பண்ணிடும்."

வாண்டுவின் உதடு பிதுங்கியது. "நான்தானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்."

"அதனால என்ன? உனக்குத்தான் அதுங்க முகம் நல்லாத் தெரியும். நீயே காவல்காரன்."

வாண்டு மூடியைத் தானே கழுவிக் கவிழ்த்தான். விடுமுறை இரண்டு நாளும், தேனீ வெளியே போகும்போதெல்லாம் அட்டையால் விசிறி விரட்டினான். அவன் சாப்பிடப் போனால் நெட்டை நின்றாள்.

இரண்டாம் நாள் மாலை தேனீ ஈரமண் கொண்டுவந்து ஏழாவது வாயையும் பூசி மூடியது.

"அடைச்சாச்சு!" இருவரும் குதித்தார்கள்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சர்க்கரை டப்பா எப்படிக் காலியாச்சு?"

வாண்டு சட்டென்று நெட்டையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

இது என்ன பூச்சி என்று கண்டுபிடிக்க நெட்டைக்கு லென்ஸே தேவைப்படவில்லை.