பத்தில் அடங்கிய மணி

“நான் அணைக்கலைங்க. அதுவாத்தான் நின்னுச்சு.”

“மணி அதுவா நிக்காதுக்கா. ஒண்ணு, நீ தொட்டு நிறுத்தணும். இல்ல, பெட்டி குளிரணும். பெட்டி குளிரல. அப்புறம் என்ன?”

சொன்னவன் கூடப் பிறந்த தம்பி. அதுதான் அந்த நர்சுக்கு நெஞ்சில் தைத்தது. மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குக் காவலாக இருந்த செயலியை எழுதியவன் அவன். பெட்டிக்குள் வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் அவளுடைய கைபேசி அலறும். தொட்டு நிறுத்தினாலும், இன்னொரு டிகிரி ஏறினால் மறுபடி அலறும்.

நேற்றும் அலறியது. நோயாளிக்கு ஊசி போடப் போனவள் அதை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். பாதி வராந்தாவில் சத்தம் அடங்கிவிட்டது. குளிர்ந்துவிட்டது போல என்று திரும்பிவிட்டாள். பெட்டியின் மோட்டார் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. குழந்தைகளுக்கான மருந்து மொத்தமும் பாழ். தலைமை மருத்துவர் வந்ததும் அவளுடைய சீட்டைக் கிழித்துவிடுவார் என்று காலையிலிருந்தே வார்டில் கிசுகிசு.

எதிரே, விசாரிக்க வந்த அம்மாள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த உதவியாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“மேடம், இது வெட்ட வெளிச்சம். தொந்தரவா இருக்குன்னு அணைச்சிருக்காங்க.”

“அலாரத்தை அணைச்சிட்டுத் தூங்குறது உன் பழக்கம்ப்பா,” என்றவர் தம்பி பக்கம் திரும்பினார். “பெட்டியில வெப்பமானி புதுசா இருக்கே?”

“போன வாரம் மாத்துனது.”

“மாத்துனதும் உங்க ஆப் மக்கர் பண்ணலையா?”

“பண்ணுச்சு. திறந்ததும் மூடிக்கிச்சு. ஒரே வரியில சரி பண்ணிட்டேன்.”

“சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“பின்ன? ஏழு கொடுத்தேன், சும்மா இருந்துச்சு. ஒன்பது கொடுத்தேன், அலறுச்சு.”

“பத்து?”

“ஒன்பதுக்கே அலறுறது பத்துக்கு அலறாதா மேடம்?” அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“உங்க அக்கா அணைச்சதாவே வெச்சுக்குவோம். பெட்டியோட பதிவுல வெப்பம் பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு ஏறிக்கிட்டே போயிருக்கே. அதுக்கப்புறம் ஏன் ஒரு தடவைகூட அலறல?”

உதவியாளனின் பேனா நின்றது. தம்பி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான்.

“வெப்பமானி உங்க ஆப்புக்கு ஜேசன் வடிவத்துல அனுப்புற தகவலைத் திறங்க.”

மடிக்கணினியில் சின்னச் சின்ன வரிகள் ஓடின. நர்சு எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் ‘வெப்பம்’ என்ற பெயர், அதற்கு எதிரே ஓர் அளவு.

“பழைய வெப்பமானி வெறும் எண்ணா அனுப்புச்சு. புதுசு அதையே மேற்கோள் குறிக்குள்ள வெச்சு, எழுத்தா அனுப்புது. நீங்க அதை எண்ணா மாத்தியிருக்கணும். அதுக்குப் பதிலா எட்டுங்கிற வரம்பையும் எழுத்தாக்கிட்டீங்க. சரிதானே?”

“ஆமா. ரெண்டும் ஒரே வகையாகிடுச்சுன்னு…”

“எழுத்தை எப்படி ஒப்பிடும்? அகராதி மாதிரி, முதல் எழுத்துலேர்ந்து. பத்துன்னா ஒண்ணு, சைபர்; முதல்ல நிக்கிறது ஒண்ணு. எட்டுக்கு முன்னாடி வர்றது ஒண்ணு. அதனால பத்து, எட்டைவிடச் சின்னது. பெட்டி குளிர்ந்துடுச்சுன்னு உங்க ஆப்பே முடிவு பண்ணி மணியை நிறுத்திடுச்சு.”

தம்பி ஒன்பது என்று தட்டினான். மேசைமேல் இருந்த அக்காவின் கைபேசி அலறியது. பத்து என்று தட்டினான். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நம்பாமல் பன்னிரண்டும் தட்டினான். கைபேசி அசையவில்லை.

நர்சு அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பக்கத்தில், செயலியில் எந்தக் குறையும் இல்லை என்று தம்பி காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் கிடந்தது.

வெளியே கார் கதவு சாத்தப்பட்டது. தலைமை மருத்துவரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் நெருங்கியது. தம்பி எழுந்தான். கதவுவரை போனவன், கைப்பிடியைத் தொடாமல் நின்றான். திரும்பியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“நானே சொல்லிடுறேன்க்கா,” என்றான். “நீயும் கூட வர்றியா?”