மோலேவுக்கு ஒரு கரை

ஒரு வாரமாக அரசேலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா சுட்டுப் போட்ட சோள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு, கொல்லையில் இருக்கும் நீலத் தொட்டிக்கே ஓடிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் மோலே நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது.

மோலே ஒரு அஹோலோத்தே. பல்லிக்கு இருப்பது போல நாலு கால், மீனுக்கு இருப்பது போலத் துடுப்பு வால், கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் குஞ்சமாகச் செவுள். அவர்கள் ஊரான சோச்சிமில்கோவின் கால்வாய்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? அது தண்ணீரில் பிறந்து, தண்ணீரிலேயே கிழடாகிற ஜீவன். அரசேலியின் அப்பா எவாரிஸ்தோ அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இறங்க வேண்டிய துறையைத் தாண்டிப் படகு போய்விடும். பேச்சு மட்டும் நிற்காது.

ஆனால் மோலே கால்வாயில் பிறந்தது இல்லை. நாற்றுக்கு உரமாக மக்கிய இலை அள்ள அப்பா மலைக்குப் போயிருந்தார். குதிரைகள் தண்ணீர் குடிக்கிற குட்டை ஒன்று அங்கே வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் துடித்துக்கொண்டிருந்த குட்டியைப் பார்க்கப் பொறுக்காமல், பால் டின்னில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா விசேஷத்துக்கு வைக்கிற மோலே குழம்பைப் போலவே கருகருவென்று இருந்ததால், அரசேலி அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். மழைக்காலம் முழுக்க மண்புழு கொடுத்து வளர்த்தாள். தொட்டியைத் தட்டினால் போதும், மோலே வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

இப்போது தட்டினாலும் வருவதில்லை, புழுவைத் தொடுவதும் இல்லை. அழகான செவுள் குஞ்சங்கள் வேறு சுருங்கிச் சுருங்கிக் கட்டை விரல் நகத்தளவு ஆகிவிட்டன.

அண்ணன் ஹெனாரோ எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பதினாலு வயது. எல்லாம் தெரிந்த வயது.

"போச்சுடி. செவுள் சுருங்குனா அவ்வளவுதான். நான் முன்னால வளத்ததும் இப்படித்தான் செத்துச்சு" என்றான்.

அப்பாவும் இல்லை என்று சொல்லவில்லை. கால்வாய்க்காரர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தொட்டி நிரம்பக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். ஆழமும் குளிர்ச்சியும் இருந்தால் செவுள் மறுபடி விரியும் என்றார். அரசேலியும் ஐஸ் கடைக்கு ஓடிப்போய்க் கட்டி வாங்கி வந்து மிதக்கவிட்டாள்.

தண்ணீர் ஏற ஏற, மோலேவின் பாடு மோசமானது. நாலு காலாலும் உதைத்து மேலே வரும். ஒரு வாய் காற்றை விழுங்கும். பிறகு கல்லைப் போல அடியில் போய்விடும். அடியில் கிடந்தபடி தொட்டியின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்க அரசேலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் உள்ளங்கையை விரித்து வைத்தாள். மோலே அதன்மேல் ஏறிக்கொண்டது. அவள் மெல்லக் கையை உயர்த்தினாள். மூக்கு தண்ணீருக்கு மேலே வந்ததும் அதன் தவிப்பு நின்றுபோனது. தொண்டை மட்டும் மேலும் கீழுமாக ஆடியது.

கை மரத்துப்போகும் வரை அவள் அசையவில்லை. கையை இறக்கினால் மறுபடி உதைப்பு. உயர்த்தினால் மறுபடி அமைதி.

'இதுக்குத் தண்ணி பத்தாம இல்ல. தண்ணிதான் அதிகம்!'

அப்படித் தோன்றியதுமே அவளுக்குப் பயமாகிவிட்டது. ஊரில் இத்தனை பேருக்குத் தெரியாதது தனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரைக் குறைத்து மோலே செத்துவிட்டால், அவளே கொன்ற மாதிரி ஆகிவிடுமே.

அப்பாவிடம் சொன்னாள்.

"மீனைத் தூக்கித் தரையில போடலாமா கண்ணு?" என்றார் அப்பா.

"மீன் கையில ஏறி உக்காருமாப்பா? நீங்களே கையை விட்டுப் பாருங்க."

அப்பா கையை விட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கையிலும் மோலே ஏறியது. மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் படுத்தது. அப்பா கையை ஒரு தடவை இறக்கி, மறுபடி உயர்த்திப் பார்த்தார்.

"நான் அதை வெளிய எடுக்கல. ஒரு கரை மட்டும் போட்டுத் தரேன். ஏறுறதா வேணாமான்னு அதுவே பாத்துக்கட்டும்" என்றாள் அரசேலி.

கரைக்கு மண் வேண்டுமே. கால்வாய்ச் சேற்றை வாரிப் பரப்பி, சற்று இறுகியதும் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருந்தார் அப்பா. அன்றைக்குத்தான் கீரை விதை ஊன்றுவதாக இருந்தார். அவள் அந்தக் கட்டங்களைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் நல்ல கட்டங்களாகப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

அரசேலி தண்ணீரைப் பாதியாக்கினாள். சேற்றுக் கட்டங்களைச் சரிவாக அடுக்கி, மேலே ஈரப்பாசி பரப்பி, வெயில் படாமல் சாக்கைப் போட்டாள்.

மோலே கரையில் தலையை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தது. அப்புறம் பாதி உடம்பை ஏற்றியது. சாப்பிட மட்டும் செய்யவில்லை. நல்ல மனசு பண்ணி ஹெனாரோ ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து, புதைக்க இது போதும் என்றான். மோலேவின் வாலுக்கே அது போதாது. அரசேலி அவனைத் துரத்தி அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கும் அப்படியே சந்தைக்கும் கிளம்புகிற நேரம். அரசேலி சாக்கை விலக்கினாள். தண்ணீருக்குள் மோலே இல்லை.

கரையின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

செவுள் இருந்த சுவடே இல்லை. வால் துடுப்பும் போய்விட்டது. கறுத்த முதுகில் சோள முத்துகளைச் சிந்தியது போல மஞ்சள் புள்ளிகள். அது ஒரு காலை எடுத்து வைத்தது. யோசித்தது. அடுத்த காலை எடுத்து வைத்தது. அப்படியே நின்று, அரசேலியை நிமிர்ந்து பார்த்து, கண்ணைச் சிமிட்டியது.

அரசேலி எல்லாரையும் கூப்பிட்டுக் கத்தினாள். எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"இமைடி… இதுக்கு இமை வந்திருக்கு" என்றான் ஹெனாரோ. எந்த அஹோலோத்தேவும் கண்ணை மூடி அவன் பார்த்ததில்லை. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அப்பா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மலைக் குட்டையில் பிறந்த இது கால்வாய் அஹோலோத்தே மாதிரி இல்லை, வளர்ந்ததும் கரையேறி வாழ்கிற வேறு ஜாதி என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசியில் மெல்லக் கேட்டார். "இனிமே இதுக்கு என்ன செய்யணும், அரசேலி?"

"மண்புழு குடுங்கப்பா. தண்ணியில போடாம, முன்னால வைங்க."

அப்பா வைத்தார். மோலே குனிந்து பார்த்தது. பொசுக்கென்று நாக்கு வந்து போனது. புழுவைக் காணோம்.

துறையில் கீரை ஏற்றிய படகு காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்பா இன்னொரு புழு தோண்டப் போனார்.